கறிவேப்பிலைக்கு வர்றவ

உக்காரு அம்மிணி, தாராளமா உக்காரு. பையை மேல வெக்கச் சொல்லாத, நசுங்கிரும். மடியிலயே இருக்கட்டும். உள்ள வேற ஒண்ணுமில்ல, கறிவேப்பிலைதான். உடுமலைக்குக் கொண்டு போறேன். ஏன், உடுமலையில கறிவேப்பிலை கெடைக்காதான்னு கண்டக்டரும் இப்பத்தான் கேட்டுட்டுப் போறான். நீயும் சிரி, பரவால்ல.

நீ எங்க எறங்கோணும்? கோமங்கலமா? அப்பப் பொள்ளாச்சி தாண்டியும் என்கூட வருவ. நல்லதாப் போச்சு. அம்மிணி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. வழியில ஏதாச்சும் தீயற வாசம், ரப்பர் கருகற வாசம், எதா இருந்தாலும் சரி, வந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. பயந்தவன்னு நெனச்சுக்க. பயந்தவதான்.

ஏன்னு கேக்கறயா? எனக்கு வாசம் தெரியாது. மூக்கு இருக்குது, மூக்குத்தி இருக்குது, வாசம் மட்டும் இல்ல. ஊரே வாயையும் மூக்கையும் மூடிட்டுத் திரிஞ்சோமே, அந்த வருசம் காய்ச்சல் வந்துச்சு. போறப்ப வாசத்தை எடுத்துட்டுப் போயிருச்சு. மத்தவங்களுக்கெல்லாம் ஒரு மாசத்துல திரும்பி வந்துச்சு. எனக்கும் வரும் வரும்னு தினம் காலையில பெருங்காய டப்பாவைத் தொறந்து மூக்குல வெச்சுப் பாப்பேன். சுண்ணாம்புக்கட்டி மாதிரி கெடக்கும்.

இதை நான் யாருகிட்டயும் வாய்விட்டுச் சொன்னதில்ல. உங்கிட்ட ஏன் சொல்றேன்னா, நீ கோமங்கலத்துல எறங்கிப் போயிருவ. என்ற பையன் பூபதிய உனக்குத் தெரியாது. அவன் காதுக்குப் போச்சுன்னா என்ற கதை முடிஞ்சுது.

அவன் ஐதராபாத்துல இருக்கறான். அவங்க அப்பா போனதுல இருந்து எங்கூட வந்துரு, எங்கூட வந்துருன்னு ஒரே பேச்சு. ஒரு மாசம் போய் இருந்து பாத்தேன். மருமக தங்கமான புள்ள, குத்தம் சொன்னா எனக்கு நாக்கு அழுகிரும். ஆனா அங்க சமையலுக்கு ஒரு அம்மா வருது. அது வர்ற வரைக்கும் ஒரு வாய் காப்பி கெடையாது. நான் போய் அடுப்புகிட்ட நின்னா, அத்தை நீங்க உக்காருங்கன்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து சோபாவுல உக்கார வெச்சுரும். அம்மிணி, எனக்குச் சாவுக்குப் பயமில்ல. அந்த சோபாவுக்குத்தான் பயம்.

வடவள்ளியில எனக்குச் சொந்த வீடு இருக்குது. அவரு கட்டுனது. என்ற அடுப்பு, என்ற வேளை, என்ற காப்பி. அது போதும் எனக்கு. ஆனா தனியா இருக்கற பொம்பளைக்கு வாசம் தெரியாதுன்னா விடுவானா? கேஸ் ஒழுகுனாத் தெரியாது, தீஞ்சாத் தெரியாது. கட்டித் தூக்கிட்டுப் போயிருவான்.

பாதி அவனுக்குத் தெரிஞ்சே போச்சு. போன வருசம் வந்திருந்தப்ப, அடுப்புல பருப்பை வெச்சுட்டு நான் முன்னால உக்காந்து பீர்க்கங்காய் நறுக்கிட்டு இருக்கறேன். அவன் குளிச்சிட்டு இருந்தவன் துண்டைக் கட்டிட்டு ஓடி வர்றான். பருப்பு கரியாப் போய், பாத்திரத்து அடி செவந்து கெடக்குது. ஏம்மா, குளியலறைக்கே நாத்தம் வருது, உனக்குத் தெரியலயாங்கறான். தூங்கிட்டேன் சாமின்னு சொன்னேன். கையில அருவாமனை, முன்னால பாதிக் காய். தூங்கிட்டேன்னா எவன் நம்புவான்? அவன் பாத்திரத்தைத் தேய்க்கப் போட்டுட்டு, அடுப்புத் திருகை ரெண்டு தடவை திருகிப் பாத்தான்.

அந்தச் சமயத்துலதான் எங்க லே-அவுட்டுல காய்கறிச் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. எங்கயும் பாத்திருக்கயா? ஆலாந்துறை, தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டத்துக்காரங்ககிட்ட நேராக் காய் வாங்கி நாங்களே பங்கு போட்டுக்கறது. நடுவுல கடை கெடையாது. ஆனா மெம்பராச் சேந்துட்டாப் பத்தாது. வாரத்துல ஒரு காலை வந்து கைவேலை செய்யோணும். டாக்டரா இருந்தாலும் சரி, வெண்டைக்காய் பொறுக்கோணும். ஜெயசீலன் சாருன்னு ஒருத்தரு நடத்தறாரு. ரிட்டயர்டு ஆனவரு, கண்டிப்புன்னா அப்பிடியொரு கண்டிப்பு.

சேந்துக்கம்மா, நாலு பேரோட பழகுன மாதிரி இருக்கும்னு பூபதியே கூட்டிட்டுப் போனான். ஒரு பழைய மாவு மில்லு கட்டடம். உள்ள நொழைஞ்சதும், அடேங்கப்பா இன்னும் மல்லித்தூள் வாசம் போகலயேன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆமா ஆமான்னு நானும் தலையாட்டினேன். ஜெயசீலன் சாரு ஒவ்வொருத்தரையும் உங்களுக்கு என்ன வேலை நல்லா வரும்னு கேக்கறாரு. ஒருத்தர் வண்டி ஓட்டறேங்கறாரு, ஒருத்தர் எடை போடறேங்கறாரு. என்ற முறை வந்துச்சு. பையன் பக்கத்துல நின்னு என்ற மூஞ்சியவே பாக்கறான். அந்தப் பருப்பு நெனப்பு அவன் கண்ணுல தெரியுது எனக்கு. பயத்துல வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன். எனக்கு மூக்கு நல்ல மூக்குங்க சார், எது கெட்டது எது நல்லதுன்னு மோந்தே சொல்லிருவேன்.

சொன்ன வாயை அப்பவே தச்சிருக்கலாம். சாருக்கு ஒரே சந்தோசம். அப்ப நீங்க தரம் பிரிக்கற மேசைக்கு வாங்கன்னுட்டாரு. பையன் ஏப்ரனைக் கட்டி விட்டு போட்டோ புடிச்சான். அந்த போட்டோவுல நான் சிரிச்சுட்டு நிக்கறேன்.

அந்த மேசை எப்பிடின்னா, டெம்போவுல வர்ற கிரேட்டைத் தொறந்து நல்லதை இந்தப் பக்கம், அன்னைக்கே சமைக்க வேண்டியதை நடுவுல, கெட்டதை மாட்டுக்குப் போற தொட்டியில போடோணும். தக்காளி, கத்திரி கண்ணுக்குத் தெரியும், அமுக்குனாத் தெரியும். ஆனா கீரைக்கட்டு நடுவுல வெந்து போயிருக்கும். முட்டைகோசு மேல பளபளன்னு இருக்கும், உள்ள அழுகியிருக்கும். காளான் இருக்குதே, அதைக் கண்ணால ஒண்ணும் பண்ண முடியாது. மோந்துதான் ஆகோணும்.

நான் எப்பிடிச் சமாளிச்சேன்? மத்தவங்க மூக்கைப் பாத்து. அதுதான் என்ற வித்தை. யாராச்சும் மூக்கைச் சுருக்குனா நானும் சுருக்குவேன். ஈ எந்த கிரேட்டுல உக்காருதுன்னு பாப்பேன். வீட்டுக்கு வந்தா யாரு வயித்துக்கு என்ன ஆச்சோன்னு வெசனம். வீதியில ஆம்புலன்சு போனா நம்ம கீரையோன்னு இருக்கும்.

மேசையில என்ற ஜோடி வசந்தாமணின்னு ஒருத்தி. மூணாவது வீதி. டெலிபோன் ஆபீசுல வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவ, வீட்டுக்காரர் இல்ல, அவளும் தனிதான். என்னைவிட ரெண்டு மூணு வயசு சின்னவ, அமராவதிக்கா அமராவதிக்கான்னு வாய் ஓயாது. பொழுதுக்கும் லைன் குடுத்துப் பேசுன வாயல்லவா, மூடத் தெரியாது. மாத்திரை, முழங்கால் வலி, டிவி நாடகம், எல்லாம் பேசுவா. நான் ம்ம்னுட்டு அவ மூக்கைப் பாத்துட்டு இருப்பேன்.

ஒருநா பலாப்பழம் வந்துச்சு. வெட்டிச் சொளை எடுக்கறோம், கையெல்லாம் பிசுக்கு. அவ ஒரு துணிய எதுலயோ நனைச்சுக் கையத் தொடைச்சுட்டு எம்பக்கம் வெச்சா. எனக்கு வேர்த்து ஊத்துது. ஈரத்துணிதானேன்னு எடுத்து மூஞ்சிய அழுத்தித் தொடைச்சேன். அவ டக்குன்னு என்ற கையப் புடிச்சா. துணிய வாங்கி எட்டத்துல வெச்சா. பைப்புக்குக் கூட்டிட்டுப் போய் என்ற மூஞ்சிய அவளே கழுவி விட்டா. மண்ணெண்ணெய். பிசுக்குப் போறதுக்கு மண்ணெண்ணெயில நனைச்ச துணி.

ஏங்க்கா தெரியலயான்னு அவ கேக்கல. அதைத்தான் உங்கிட்டச் சொல்றேன், கேக்கவே இல்ல. என்னை ஒரு பார்வை பாத்தா. அப்பறம் போய்ப் பழையபடி சொளையெடுக்க உக்காந்துட்டா.

அதுக்குப் பொறவுதான் அவ தொல்லை தாங்க முடியாமப் போச்சு. மாத்திரைப் பேச்சு இல்ல, நாடகப் பேச்சு இல்ல. வாசத்தைத் தவிர வேற பேச்சே கெடையாது. ஒரு கிரேட்டைத் தொறந்தா ஒரு செய்தி வாசிப்பா. அய்யே, இந்த முட்டைகோசு உள்ள சாக்கடை மாதிரி அடிக்குதுங்க்கா. இந்தக் கீரை நடுக்கட்டு ஊறப்போட்ட துணி நாத்தமுங்க்கா. இந்தக் கொத்தமல்லி பாருங்க்கா, அடுத்த வீதி வரைக்கும் மணக்குது. இப்பிடி ஒண்ணு விடாம. சின்னப்புள்ளைக்கு அ, ஆ சொல்லிக் குடுக்கற மாதிரி. எனக்கு எரிச்சலா வரும். ஆனா சொல்றது பாட்டுக்குச் சொல்லட்டும்னு, அவ நாத்தம்னதைத் தொட்டியில போடுவேன், மணக்குதுன்னதைப் பையில போடுவேன்.

அப்பிடியே எனக்குப் பேரு வந்துருச்சு. அமராவதியம்மா கை பட்ட பையில ஒரு சொத்தை வராதுங்கறாங்க. மூக்குன்னா அந்தம்மா மூக்குன்னு ஜெயசீலன் சாரு கூட்டத்துல சொன்னாரு. வசந்தாமணி முன் வரிசையில உக்காந்து கை தட்டறா. பாவம், வெவரம் பத்தாதவ. பேரு யாருக்குப் போகுதுன்னு கூடத் தெரியல அவளுக்கு.

இதோட விட்டாளா? வீட்டுக்கும் வர ஆரம்பிச்சா. கறிவேப்பிலைக்கு. எங்க வீட்டுக்குப் பின்னால, பொடக்காளியில, கெணத்துக்குப் பக்கத்துல ஒரு மரம் இருக்குது. காலையில நான் அடுப்பு பத்த வெக்கற நேரத்துக்குச் சரியா வந்து நிப்பா, அக்கா ஒரு கொத்துக் கறிவேப்பிலைன்னு. நேராப் பொடக்காளிக்குப் போகலாமில்ல? போக மாட்டா. சமையக்கட்டுக்குள்ள நொழைஞ்சு, அப்பிடி ஒரு தடவை மூச்சை இழுத்து நிப்பா. அடுத்தவங்க வீட்டுல என்ன கொதிக்குதுன்னு பாக்கறதுக்கு அவ்வளவு ஆசை. அப்பறம் சிலிண்டர்கிட்டக் குனிஞ்சு பாப்பா. சாயங்காலம் மறுபடி வருவா. போறப்ப, எங்க வீட்டுப் பழக்கமுங்க்கான்னு சொல்லிட்டு ரெகுலேட்டரைத் திருகி மூடிட்டுப் போவா. எனக்கு உள்ளுக்குள்ள பத்திட்டு வரும். ஒத்தைப் பொம்பளை, ஒரு நாளைக்கு ரெண்டு கொத்துக் கறிவேப்பிலைய வெச்சுட்டு என்ன பண்றா? கறிவேப்பிலைக் கொழம்பே வெச்சாலும் அவ்வளவு ஆகாது.

அப்பத்தான் எனக்கு ரோசனை வந்துச்சு. இவ என்னை நோட்டம் பாக்கறா. இவளுக்குத் தெரிஞ்சு போச்சு. வாய் ஓயாதவ, பூபதி போன் நம்பர் சங்கத்துல எல்லாருகிட்டயும் இருக்குது. ஒருநா இல்லைன்னா ஒருநா, தம்பி உங்கம்மாவுக்கு மூக்கு போச்சுன்னு சொல்லிருவா. அவ கேட்டைத் தொறக்கற சத்தம் கேட்டா ஓடிப் போய் அடுப்பை ஒரு தடவை பாத்துக்குவேன்.

அதுனால ஜெயசீலன் சாருகிட்டப் போய்ச் சொன்னேன். தப்பாவெல்லாம் சொல்லல. அந்தம்மா பேச்சு நெம்ப அதிகமா இருக்குதுங்க சார், எனக்கு வேலை ஓட மாட்டேங்குது, வேற நாளைக்கு மாத்தி விடுங்கன்னேன். அவ்வளவுதான். நல்ல மூக்குக்காரி சொன்னா மறுபேச்சு உண்டா? மறு வாரமே அவளைச் சனிக்கெழமைக்கு மாத்திட்டாரு. எதுக்குன்னு அவ கேக்கல. நாஞ்சொல்லித்தான்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்காதுன்னு நெனக்கறேன். உனக்கு என்ன தோணுது? சரி விடு.

அவளுக்குப் பதிலா முகிலன்னு ஒரு தம்பி வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனி. நல்ல பையன், ஆனா ரெண்டு காதுலயும் என்னமோ சொருவிட்டுப் பாட்டுக் கேட்டுட்டே வேலை செய்வான். வாயே தொறக்க மாட்டான். மூக்கைச் சுருக்கவும் மாட்டான், பாட்டுக்குத் தலையாட்டிட்டே இருப்பான். மொத நாள் மேசையில நின்னேன் பாரு, இருட்டுக்குள்ள தள்ளி விட்ட மாதிரி இருந்துச்சு. காளான் தட்டைத் தூக்கறேன், மூக்குல வெக்கறேன், ஒண்ணுமில்ல. நல்லதா கெட்டதா? பச்சைப்புள்ளை இருக்கற வீடு, மாசமா இருக்கற புள்ளைக, எல்லாரும் இந்தக் காளானைத்தான் திங்கப் போறாங்க. சந்தேகமா இருந்தா வேண்டாம்னு தூக்கித் தொட்டியில போட்டேன். எல்லாமே சந்தேகமா இருந்துச்சு. எல்லாத்தையும் போட்டேன். அடுத்த வாரமும் அப்பிடித்தான்.

அந்தக் காளானை வளக்கறது கோகிலான்னு ஒரு புள்ளை, ஆலாந்துறையில இருந்து வரும். மூணாவது வாரம் அதுவே டெம்போவுல ஏறி வந்துருச்சு. கண்ணெல்லாம் செவந்திருக்குது. விடியக்காலம் பறிச்சது சார், எதுக்குக் கெட்டுப்போச்சுன்னு மாட்டுக்குப் போட்டீங்க, இப்பிடியே போனா ஷெட்டை மூடிட்டுப் போக வேண்டியதுதான்னு அழுகுது. சங்கமே கூடி நிக்குது. ஜெயசீலன் சாரு ரெண்டு தட்டுக் கொண்டாந்து மேசையில வெச்சாரு. ஒண்ணு அன்னைக்குப் பறிச்சது, ஒண்ணு பழசு. அம்மா, நீங்களே எல்லாரு முன்னாலயும் மோந்து சொல்லுங்க, எது கெட்டதுன்னாரு.

பாக்கறதுக்கு ரெண்டும் ஒரே வெள்ளை. குனிஞ்சேன். அந்தத் தட்டுல மூக்கை வெச்சுட்டு, முருகா முருகான்னுட்டு இருக்கறேன். எந்திரிக்கப் பயம். எந்திரிச்சா ஏதாச்சும் சொல்லோணும். தப்பாச் சொன்னா அன்னைக்கே பூபதிக்குப் போன் போகும், அடுத்த வண்டியில சோபாதான்.

அப்ப அவ குரல் கேக்குது. அன்னைக்கு அவளுக்கு வேலை நாள் இல்ல, காய் வாங்கப் பையோட வந்திருக்கறா. என்ன சார் பரீட்சையெல்லாம் வெக்கறீங்க, அந்த எடது தட்டு வாசல் வரைக்கும் புளிச்ச மாவு நாத்தம் அடிக்குது, வலது தட்டு மழை பேஞ்ச மண்ணு மாதிரி கமகமங்குது, இதுக்கு எதுக்கு ஒரு மூக்குன்னுட்டே உள்ள வர்றா. வந்து, அக்காவுக்கு ஒரு மாசமாச் சளி புடிச்சு மூக்கடைச்சுக் கெடக்குது சார், நாந்தான் மாத்திரை வாங்கிக் குடுத்தேன், வேலைக்கு வராதீங்கன்னாக் கேக்கறதில்லைன்னு சொன்னா. எல்லாரும் அய்யோ பாவம்னுட்டாங்க. கோகிலாவோட காளானைச் சங்கம் மறுபடி வாங்கிக்கும்னு முடிவாச்சு. என்னை நாற்காலியில உக்கார வெச்சுச் சுக்குக் காப்பி குடுத்தாங்க.

எனக்குச் சளியே இல்ல. மாத்திரையும் அவ குடுக்கல. பட்டப்பகல்ல அத்தனை பேரு முன்னால பொய் சொல்றா. நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லல நான். என்ற பயமெல்லாம், அப்ப இவளுக்கு முழுசாத் தெரியும், சந்தேகமே இல்லங்கறதுதான். காப்பி டம்ளரை அப்பிடியே வெச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

அதுக்கு மறுநாள் காலையிலதான் அது நடந்துச்சு. பாலை அடுப்புல வெச்சுட்டு வாசல்ல கோலம் போட்டுட்டு வந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊத்தி, தீ அணைஞ்சு கெடக்குது. அடடான்னு துணிய எடுத்துத் தொடைச்சேன். திருகு தொறந்தே இருந்திருக்குது, நான் கவனிக்கல. கதவு சாத்தியிருக்குது, ஜன்னல் சாத்தியிருக்குது. எவ்வளவு நேரம் ஒழுகுச்சோ. எனக்கு ஒண்ணுமே தெரியல, காலங்காத்தால எப்பவும் போல இருக்குது வீடு. லைட்டர் வேலை செய்யலைன்னு தீப்பெட்டிய எடுத்தேன். குச்சிய எடுத்துட்டேன்.

அவ எப்ப வந்தான்னு தெரியல. பொடக்காளிக் கதவுல இருந்து பாஞ்சு வந்து என்ற மணிக்கட்டைப் புடிச்சா. எலும்பு நொறுங்கற மாதிரி புடி. தீப்பெட்டி கீழ விழுந்துச்சு. திருகை மூடறா, ரெகுலேட்டரை மூடறா, கதவு ஜன்னல் எல்லாத்தையும் தொறக்கறா. என்னை இழுத்துட்டுப் போய்க் கறிவேப்பிலை மரத்தடியில உக்கார வெச்சா. அவளும் பக்கத்துல தரையில உக்காந்தா. மூச்சு வாங்குது அவளுக்கு.

வாய் தொறக்கல அம்மிணி. அந்த ஓயாத வாய். என்ன வாசம், எப்பிடி அடிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. அதுல இருந்துதான் எனக்குத் தெரிஞ்சுது, எவ்வளவு பக்கத்துல போயிட்டு வந்திருக்கறோம்னு. ரெண்டு பேரும் அப்பிடியே உக்காந்திருந்தோம். கடைசியில எந்திரிச்சுச் சேலையத் தட்டிட்டு, நாளைக்கும் கறிவேப்பிலைக்கு வருவேன், நான் வர்ற வரைக்கும் அடுப்பு பத்த வெக்காதீங்கன்னா. போயிட்டா. அன்னைக்குக் கறிவேப்பிலை பறிக்காமயே போயிட்டா.

சொன்னபடி தினம் வந்தா. அவ வந்து நின்னு, ம், பத்த வெய்ங்க்கான்னதுக்கு அப்பறந்தான் நான் அடுப்பைத் தொடறது. ஒரு மாசம் நிம்மதியா இருந்தேன். பூபதிக்கும் அவ போன் பண்ணல. இருந்தாலும் என்னைக்குப் பண்ணுவாளோன்னு ஒரு பயம் ஓரத்துல இருந்துட்டேதான் இருந்துச்சு. மறைக்கறதுல என்ன, இப்பவும் இருக்குது.

அப்பறம் உடுமலையில அவ மகளுக்குக் கொழந்தை பொறந்துச்சு. மருமகன் காரைக் கொண்டாந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. ஆறு மாசம் ஆகுமுங்க்கான்னா. போறப்ப சாவியக் கையில குடுத்து, செடிக்குத் தண்ணி ஊத்துங்க, சங்கத்துல சொல்லி மேசை வேலைய விட்டுட்டு எடை போடப் போங்கன்னா. நான் தலையாட்டினேன். கார் போன பொறவு வீட்டுக்கு வந்து அடுப்பு முன்னால நின்னேன். பத்த வெக்க முடியல. ரெகுலேட்டரைத் தொடக்கூட கை போகல. ரெண்டு வாரமா என்ற வீட்டுல அடுப்பு எரியல. இட்லிக் கடையில வாங்கித் திங்கறேன். காப்பி இல்ல. எந்தக் காப்பிக்காக ஐதராபாத்து வேண்டாம்னேனோ, அந்தக் காப்பி இல்ல.

முந்தாநேத்துத்தான் செடி நெனப்பு வந்து அவ வீட்டுக்குப் போனேன். அவ எத்தனை தடவை எங்க வீட்டுக்கு வந்திருக்கறா, நான் ஒருநா அவ வீட்டுப் பொடக்காளிய எட்டிப் பாத்ததில்ல. கதவைத் தொறந்தேன். ஒரு கறிவேப்பிலை மரம் நிக்குது. என்ற மரத்தைவிடப் பெருசு. மதிலுக்கு மேல வளந்து, பறிக்க ஆளில்லாம பழுத்துக் கறுத்துப் பழமெல்லாம் கீழ கொட்டிக் கெடக்குது.

பக்கெட்டைக் கீழ வெச்சுட்டு அங்கயே நின்னேன். தண்ணி ஊத்துனனா, என்னன்னு ஞாபகம் இல்ல. நின்னு அழுதேன். மூக்கு போனதுக்கு அழுகல, அவரு போனப்பக் கூட நாலு பேரு முன்னால அழுகக் கூச்சப்பட்டவ நான். அங்க அழுதேன்.

இப்ப பூபதி வெள்ளிக்கெழமை வர்றான். போன்ல குரலே சரியில்ல. இந்தத் தடவை உன்னை டாக்டர்கிட்டக் காட்டோணும், நாலு நாளு லீவு போட்டிருக்கறேங்கறான். நாலு நாளு, என்ற சமையக்கட்டுல, என்ற பக்கத்துல நிப்பான். அதுதான் போறேன் இவகிட்ட. பச்சைப்புள்ளைய விட்டுட்டு வான்னு கேக்கறது அநியாயம்னு தெரியும். அந்த நாலு நாளு மட்டும் வா, வந்து என்ற அடுப்பு முன்னால நின்னு பேசிட்டு இருன்னு கேக்கப் போறேன். என்ன சொல்லுவாளோ. மேசையில இருந்து அவளை மாத்தச் சொன்னது யாருன்னு அவ கேட்டா நான் என்ன சொல்றது? அதை நெனச்சாத்தான் பஸ்சு உடுமலை போய்ச் சேரவே வேண்டாம்னு இருக்குது.

அவளுக்குக் கறிவேப்பிலை எதுக்குங்கறயா? வேற என்னத்தைக் கொண்டு போவேன். அவ எங்கிட்டக் கேட்டதே இதுதானே.

ஏன், என்ன ஆச்சு? ஏன் முந்தானைய மூக்குல வெக்கற? முன் சீட்டுக்காரனும் பொத்தறான். அந்தக் கொழந்தை அழுகுது. ஏன் எல்லாரும் ஜன்னலைச் சாத்தறாங்க? அம்மிணி, என்னது, தீயுதா? டிரைவரு ஏன் நிறுத்த மாட்டேங்கறாரு? பயமா இருக்குது, சொல்லு. பஸ்சா? என்ற பையா? எம்மேலயா?

கோழிப்பண்ணையா.

கோழிப்பண்ணைதானா. அப்பாடி. கைய விடாத, செத்த நேரம் அப்பிடியே புடிச்சுட்டு இரு. எப்பிடி அடிக்குது? அப்பிடி இல்ல, நல்லா வெவரமாச் சொல்லு, அவ சொல்லுவாளே அந்த மாதிரி. இன்னும் பண்ணை வருமா வழியில? வரட்டும். ஒவ்வொண்ணுக்கும் சொல்லு. கோமங்கலம் வர்ற வரைக்கும் சொல்லிட்டே வா.